தேசியக்கொடியை வடிவமைத்தது யார், கடையில் எந்தக் கொடியை வாங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆகஸ்ட் 15-க்குக் கொடி வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று கடை ஏறி இறங்கியதில் மூன்று விதமான காவியைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று செங்கல் நிறம், ஒன்று மஞ்சளுக்குப் பக்கம், ஒன்று கண்ணைக் கூசும் ஆரஞ்சு. ஒரு கொடியில் சக்கரம் முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. அதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வேறொரு சண்டை. கொடியை வடிவமைத்தவர் பிங்கலி வெங்கையா என்கிறார் ஒருவர், இல்லை சுரையா தியாப்ஜி என்ற பெண்மணி என்கிறார் இன்னொருவர். "அசல் வடிவம் எது, அதை வரைந்தது யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்த அசல் படம் எங்கோ பத்திரமாக இருக்கிறது, அதைத் தேடி எடுத்தால் இரண்டு சந்தேகமும் தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். ஆனால் நம் தேசியக்கொடிக்குச் சட்டப்படி அசல் என்று சொல்லத்தக்கது ஒரு படம் அல்ல. 1947-ல் நிறைவேறிய ஒரு தீர்மானமும், 1951-ல் வந்த ஒரு தர நிர்ணயக் குறிப்பும்தான் அசல். முதலாவது சில வரி, இரண்டாவது நிறைய எண்கள். படம் அவற்றிலிருந்து வருகிறது.

நான் துணிப் பரிசோதனைக் கூடங்களில் பல வருடம் வேலை பார்த்தவன். சாயம் போகிறதா, நூல் எண்ணிக்கை சரியா, சதுர மீட்டருக்கு எவ்வளவு எடை என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஆகவே துணி, நிறம், அளவு பற்றிச் சொல்வதைத் தொழில் அறிந்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். வரலாறு என் தொழில் இல்லை. காந்தி எழுதிய கட்டுரை, அரசியல் நிர்ணய சபை விவாதம் போன்று அச்சில் கிடைப்பவற்றைப் படித்தவன், அவ்வளவுதான். அந்த அளவோடு வரலாற்றுப் பகுதியைப் படியுங்கள்.

மூவர்ணத்துக்கு முன்னால் வேறு கொடிகள் இருந்தன. 1906 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா பார்சி பகான் சதுக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள் கொண்ட ஒரு கொடி ஏறியது. எட்டுத் தாமரை, நடுவில் வந்தே மாதரம், கீழே சூரியனும் பிறையும். அடுத்த வருடம் ஆகஸ்ட் 22 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த சோஷலிஸ்ட் மாநாட்டில் மேடம் காமா கிட்டத்தட்ட அதே சாயலில் ஒன்றை விரித்துக் காட்டினார். சகோதரி நிவேதிதா வச்சிராயுதம் வரைந்த கொடி ஒன்றை முன்வைத்திருந்தார். இதையெல்லாம் வட இந்தியச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். மணிக்கொடியைப் பற்றி பாரதி பாடியதை நாம் எல்லாரும் பள்ளியில் மூவர்ணத்தைக் கண்முன் வைத்துக்கொண்டுதான் பாடினோம். வரிகளைக் கவனித்துப் பாருங்கள், அதில் ஒரு பக்கம் இந்திரனுடைய வச்சிரம், இன்னொரு பக்கம் இளம்பிறை, உச்சியில் வந்தே மாதரம் என்ற எழுத்து. காவி, வெள்ளை, பச்சை அங்கே இல்லை. பாரதி 1921 செப்டம்பரில் மறைந்தார். இன்றைய கொடியை அவர் பார்த்திருக்கவே முடியாது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது ஹோம் ரூல் கொடி. அன்னி பெசன்ட் அடையாறில் இருந்துகொண்டு நடத்திய இயக்கத்தின் கொடி அது. ஐந்து சிவப்புப் பட்டை, நான்கு பச்சைப் பட்டை, ஏழு நட்சத்திரம், ஒரு பிறை, மூலையில் யூனியன் ஜாக். 1917-ல் சென்னை மாகாண அரசு அவரை ஊட்டியில் காவலில் வைத்தபோது அங்கேயும் அந்தக் கொடியைப் பறக்கவிட்டார். ஆனால் மூலையில் பிரிட்டிஷ் கொடி இருந்ததால் நிறையப் பேருக்கு அது மனசுக்கு ஒட்டவில்லை. அவர்கள் கேட்டதே பேரரசுக்குள் சுயாட்சி என்பதால் அந்த மூலை அப்படி இருந்ததில் ஆச்சரியமும் இல்லை.

இப்போது வெங்கையா. இவர் பங்கு சந்தேகத்துக்கு இடமில்லாதது, ஆனால் எந்த வருடத்துக் கொடியில் என்பதில்தான் குழப்பம். மசூலிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர், அன்றைய கணக்கில் சென்னை மாகாணத்துக்காரர். தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் பணியாற்றியவர். கம்போடியா பருத்தியில் ஆராய்ச்சி செய்தவர் என்பதால் பருத்தி வெங்கையா என்றே அவருக்கு ஒரு பெயர் உண்டு. துணிக்காரன் என்ற முறையில் எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். 1916-ல் இந்தியாவுக்கு ஒரு தேசியக்கொடி வேண்டும் என்று முப்பது மாதிரிகளோடு ஒரு சிறு நூலே வெளியிட்டார். காங்கிரஸ் கூட்டம் விடாமல் போய் எல்லாரையும் பிடித்து இதைப் பற்றியே பேசுவார் என்று தெரிகிறது.

1921 மார்ச் கடைசியில் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. அங்கே நடந்ததை காந்தியே ஏப்ரல் 13 தேதியிட்ட தன் யங் இந்தியா இதழில் எழுதியிருக்கிறார். கொடியில் ராட்டை இருக்கட்டும் என்ற யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ் சொன்னது. சிவப்பும் பச்சையும் பின்னணியாக வைத்து ராட்டை போட்ட ஒரு மாதிரி தரும்படி காந்தி வெங்கையாவிடம் கேட்டார், மூன்று மணி நேரத்தில் அவர் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டத்தில் வைக்க அது கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பிறகு யோசித்தபோது மற்ற மதத்தினருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று தோன்ற, காந்தி வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார். மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு, மூன்றின் மேலும் படர்ந்து நிற்கும் பெரிய ராட்டை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் மேலே என்பது அந்த வரிசையின் கணக்கு.

ஒரே கொடிக்கு மூன்று பேர் கை பட்டிருப்பதைப் பாருங்கள். ராட்டை ஒருவர் யோசனை, வெள்ளை இன்னொருவர் யோசனை, கேட்ட உடனே வரைந்து தந்தது வெங்கையா. காங்கிரஸ் இதை அப்போது தீர்மானம் போட்டு ஏற்கவும் இல்லை. ஆனாலும் ஊர் ஊராகப் பறந்தது. 1923-ல் ஜபல்பூரிலும் நாக்பூரிலும் இதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனதற்காகவே ஆட்கள் சிறைக்குப் போனார்கள். கொடிப் போராட்டம் என்றே அதற்குப் பெயர்.

சண்டை நிறங்களுக்குச் சொன்ன பொருளில் வந்தது. சிவப்பு இந்துக்கள், பச்சை முஸ்லிம்கள், வெள்ளை மற்றவர்கள் என்று சொல்லிவிட்டால் சீக்கியர்கள் எங்கள் நிறம் எங்கே என்று கேட்கத்தானே செய்வார்கள்? கேட்டார்கள். 1931-ல் காங்கிரஸ் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. பட்டேல், நேரு, ஆசாத், தாரா சிங், காகா காலேல்கர், ஹர்டிகர், பட்டாபி சீதாராமய்யா. அந்தக் குழு கொடுத்த பரிந்துரை இன்று பலருக்குத் தெரியாது. முழுக்கக் காவி நிறத்தில் ஒரே துணி, மூலையில் ராட்டை. அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, வெள்ளையின் மேல் நீல ராட்டை என்று முடிவானது. நிறங்களுக்கு மத அடிப்படையில் பொருள் கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். தைரியமும் தியாகமும், உண்மையும் சமாதானமும் என்ற மாதிரியான விளக்கங்கள் வந்தது அந்தக் கட்டத்தில்தான். இன்று நாம் பார்க்கும் வரிசை 1921-ல் வந்ததல்ல, 1931-ல் வந்தது. வாட்ஸ்அப் சண்டைக்கு இந்த ஒரு தகவலே பாதித் தண்ணீர் ஊற்றிவிடும்.

சில மாதம் கழித்து, 1932 ஜனவரியில், தமிழ்நாட்டில் இந்தக் கொடிக்காக இரண்டு சம்பவங்கள். திருப்பூரில் ஊர்வலத்தில் போலீஸ் தடியடிபட்டு, கையில் கொடியோடு விழுந்த குமரன் ஜனவரி 11 அன்று இறந்தார். அதே மாதம் 26-ம் தேதி சென்னையில் ஆர்யா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம், செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் ஏறி மூவர்ணத்தைக் கட்டிவிட்டார். அன்று நாட்டிலேயே மிக உயரமாக இருந்த கொடிமரங்களில் ஒன்று அது. இரவில், காவல் உள்ள கோட்டைக்குள் புகுந்து, அந்த உயரம் ஏறுவது என்றால் சும்மா இல்லை. பாரதியின் உருவத்தை ஓவியமாகத் தீட்டியவரும் இதே பாஷ்யம்தான்.

1947-க்கு வருவோம். ஜூன் 23 அன்று அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத் தலைமையில் ஒரு கொடிக் குழுவை அமைத்தது. ராஜாஜி, அம்பேத்கர், ஆசாத், சரோஜினி நாயுடு, முன்ஷி எல்லாரும் அதில் இருந்தார்கள். காங்கிரஸ் கொடியையே எடுத்துக்கொள்ளலாம், தேவையான மாற்றம் செய்துகொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. ஜூலை 22 அன்று நேரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அடர்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை மூன்றும் சம அளவில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். வெள்ளையின் நடுவில் ராட்டையைக் குறிக்கும் விதமாகக் கருநீலச் சக்கரம் இருக்க வேண்டும். சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூணில், சிங்கங்களின் காலடிப் பலகையில் உள்ள சக்கரமே அதற்கு மாதிரி. சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய வெள்ளைப் பட்டையின் அகலம். கொடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் பொதுவாக 2-க்கு 3. தீர்மானம் இவ்வளவுதான். யார் வரைந்தது என்று அதில் ஒரு பெயரும் இல்லை.

ராட்டை ஏன் சக்கரமானது என்பதற்கு நேரு சபையில் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஏனென்றால் அது ஒரு கைவினைக்காரன் சொல்லும் காரணம். ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். கொடியின் முன்னால் நின்று பார்ப்பவருக்கு ஒரு விதமாகவும் பின்னால் நிற்பவருக்குத் தலைகீழ் வரிசையாகவும் தெரியும். கொடிக்கு இரண்டு முகமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. எந்தச் சக்கரம் என்ற கேள்விக்கு அசோகருடையது என்று பதில் வந்தது. இந்த மாற்றத்தில் காந்திக்குச் சம்மதம் இல்லை. ராட்டை இல்லாத கொடிக்கு வணக்கம் செலுத்த மாட்டேன் என்று எழுதும் அளவுக்கு அவருக்கு மனக்குறை இருந்தது. நேரு அன்று சபையில் இரண்டு கொடிகளைக் காட்டினார், ஒன்று பட்டு, மற்றொன்று கதர்.

தியாப்ஜி பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் நுழைகிறது. பத்ருதீன் தியாப்ஜி அப்போது ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. அசோகச் சக்கரம் என்ற யோசனை அவருடையது, அதைத் துணியில் செய்து பார்த்தவர் அவர் மனைவி சுரையா என்று ஓர் ஆங்கிலேய எழுத்தாளர் பின்னாளில் எழுதினார். அந்தக் குடும்பத்தாரும் அப்படிச் சொல்கிறார்கள். என் கணிப்பைக் கேட்டால், இது பொய் என்று தூக்கிப்போடத் தேவையில்லை. சபையில் காட்டிய மாதிரிகளை யாரோ தைத்துத்தானே இருக்க வேண்டும், சக்கரத்தை ஏதோ ஒரு கை வரைந்துதானே இருக்க வேண்டும். அது அவர் கையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இது நினைவில் இருந்து, பிற்காலத்தில் சொல்லப்பட்ட செய்தி. வெங்கையாவின் பங்கைப் போல அந்தக் காலத்திலேயே, சம்பந்தப்பட்டவரே அச்சில் எழுதிய சாட்சி அல்ல. ஆகவே 1921-ன் ராட்டைக் கொடிக்கு வெங்கையா என்று உறுதியாகச் சொல்லுங்கள். 1947-ன் சக்கரத்துக்கு சுரையா தியாப்ஜி என்பதை 'சொல்லப்படுகிறது' என்ற அளவில் நிறுத்துங்கள். 'இன்றைய கொடியை வடிவமைத்தவர்' என்ற கோப்பையை இருவரில் யாருக்கும் முழுசாகத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதன் வரிசை ஒரு கமிட்டி முடிவு செய்தது, சின்னம் இன்னொரு குழு மாற்றியது.

இன்னொரு வாட்ஸ்அப் செய்தியும் உங்களுக்கு வந்திருக்கும், சக்கரத்தின் 24 ஆரங்களுக்கும் அன்பு, பொறுமை, தியாகம் என்று 24 குணங்கள். தீர்மானத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆரம் எத்தனை என்றுகூட அதில் இல்லை. சாரநாத் பலகைச் சக்கரத்தில் 24 இருப்பதால் இங்கேயும் 24. நிறங்களின் பொருளும் தீர்மானத்தில் இல்லை. ராதாகிருஷ்ணன் சபையில் சக்கரத்தைத் தர்மத்தோடு இணைத்துப் பேசினார், அழகான பேச்சு. ஆனால் அது ஓர் உறுப்பினரின் விளக்கம்தான். நேரு தன் பேச்சில் நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த வித்தியாசத்தோடு சொன்னால் நல்லது.

சரி, கடைக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணயங்களில் முதல் எண் கொடுக்கப்பட்டது தேசியக்கொடிக்குத்தான், ஐ.எஸ். 1. 1951-ல் வந்தது, பிறகு 1964-லும் 1968-லும் திருத்தினார்கள். 'அடர்ந்த காவி' என்று தீர்மானம் சொன்னதை இது எண்ணாக மாற்றியது. நிறத்தைப் பெயரால் சொன்னால் சாயப்பட்டறைக்குச் சாயப்பட்டறை மாறும். அதனால் சி.ஐ.இ. என்ற சர்வதேச நிற அளவு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இடத்தைக் குறித்தார்கள். அதில் ஒளிர்வு என்றும் ஓர் அளவு உண்டு. மேலே விழும் வெளிச்சத்தில் எத்தனை விழுக்காடு திரும்பி வருகிறது என்பது. வெள்ளைக்கு 72.6, காவிக்கு 21.5, பச்சைக்கு 8.9.

இந்தப் பச்சையின் எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். நூற்றில் ஒன்பது பங்கு வெளிச்சம்கூடத் திரும்பாத நிறம் என்றால் அது நன்றாகவே இருண்ட பச்சை. கடையில் தொங்கும் கொடிகளில் காவி சரியா என்று எல்லாரும் பார்க்கிறார்கள், ஆனால் நான் பார்த்தவரை அதிகமாகத் தவறிப்போவது பச்சைதான். கிளிப்பச்சையில் ஒன்று கிடைத்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காவி மஞ்சளை நோக்கிப் போகக்கூடாது, சிவப்புக்கும் போகக்கூடாது. ஒளிரும் ஆரஞ்சு சாயம் வேண்டவே வேண்டாம். கருவி இல்லாமல் கண்ணால் இதற்கு மேல் சொல்ல முடியாது. முக்கியமாக, கடையின் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி வெயிலில் வேறுவேறாகத் தெரிவது சாயத் தொழிலில் தினசரிப் பிரச்சினை. வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அளவைச் சரிபார்ப்பது இன்னும் எளிது. தரக் குறிப்பில் ஒன்பது அளவுகள் உண்டு, 6300-க்கு 4200 மில்லிமீட்டர் முதல் மேஜையில் வைக்கும் 150-க்கு 100 வரை. எல்லாமே 3-க்கு 2. உங்களுடையது போன்ற மூன்று நான்கு மாடிக் கட்டிடத்தின் வாசல் கம்பத்துக்கு 900-க்கு 600, அதாவது சுமார் 3 அடிக்கு 2 அடி, போதுமானது. அதில் ஒவ்வொரு பட்டையும் 200 மில்லிமீட்டர், சக்கரத்தின் விட்டம் 185. வெள்ளைப் பட்டையின் விளிம்பைத் தொடாமல், ஆனால் கிட்டத்தட்ட நிரப்பிக்கொண்டு நிற்க வேண்டும். பட்டையில் பாதிதான் இருக்கிறது என்றால் அது தவறான கொடி. சக்கரம் முட்டையாவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கிற துணி அகலத்துக்கு ஏற்றபடி கணினியில் படத்தை இழுத்துவிடுகிறார்கள். மூன்று பட்டை இழுபட்டால் கண்ணுக்குத் தெரியாது, வட்டம் இழுபட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒரு ஸ்கேலை எடுத்துச் சக்கரத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தால் போதும். ஆரங்களையும் எண்ணிவிடுங்கள், அவசரத்துக்கு அச்சடித்தவற்றில் குறைவாக இருப்பதுண்டு. அப்புறம் கொடியைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் இரண்டு பக்கமும் முழுசாகத் தெரிய வேண்டும் என்பது விதி. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து மறுபக்கம் வெளிறிக் கிடப்பதை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

துணி விஷயத்தில் ஒரு தவறான தகவல் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. கொடிக் கதரின் எடை ஒரு சதுர அடிக்கு 205 கிராம் என்று. எழுதியவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. சதுர அடிக்கு 205 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஆகிறது. கனமான ஜீன்ஸ் துணியே சுமார் அரைக் கிலோதான் வரும். அப்படி ஒரு கொடியைப் புயல் அடித்தாலும் பறக்கவைக்க முடியாது. 205 கிராம் என்பது சதுர மீட்டருக்கு என்று வைத்தால்தான் கதர்த் துணிக்குப் பொருந்தும்.

முன்பு கையால் நூற்று நெய்த கதர், பட்டு, கம்பளித் துணிகளில் மட்டுமே கொடி செய்யலாம். தரச் சான்று பெற்ற கதர்க் கொடிகளுக்கு ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் இருக்கும் கூடம்தான் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதிகளைத் திருத்தி, இயந்திரத்தில் செய்ததும் பாலியஸ்டரும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்த வருடத்து வீடுதோறும் கொடி இயக்கத்துக்குத் தேவையான எண்ணிக்கையைக் கைத்தறியில் எட்ட முடியாது என்பது வெளிப்படை. கதர்க்காரர்களுக்கு இது பெரிய அடி. என் கட்சி கதர்தான், ஆனால் பாலியஸ்டர் வாங்கினால் சட்ட மீறல் என்று யாராவது உங்களை மிரட்டினால் நம்ப வேண்டாம். கடற்கரைக் காற்றில் மாதக்கணக்கில் பறக்கப்போகிறது என்றால் நல்ல பாலியஸ்டர் கூடுதல் நாள் தாங்கும். ஒருநாள் ஏற்றி இறக்கி மடித்து வைப்பதற்குக் கதர் பல வருடம் வரும். உங்கள் குடியிருப்புக்குக் கதர் என்பேன்.

பழைய கொடி ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் ராஜாஜி சாலையில் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏறிய பட்டுக்கொடி 2013 முதல் அங்கே காட்சியில் இருக்கிறது. சுமார் 12 அடிக்கு 8 அடி. டெல்லி செங்கோட்டையில் நேரு கொடி ஏற்றியது மறுநாள், ஆகஸ்ட் 16 அன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் நம் ஊர்க்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். ஆனால் அதைப் பார்த்து இதுதான் சரியான காவி என்று முடிவுகட்ட வேண்டாம். பட்டும் சாயமும் வயதானால் நிறம் மாறும், அதற்கு யாரும் விலக்கு இல்லை.

ஏற்றும் விதிகளில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். 2002 ஜனவரி 26 முதல் எந்த நாளும் யாரும் கொடி ஏற்றலாம். 2004-ல் உச்ச நீதிமன்றம் அது அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. 2022 ஜூலை முதல் இரவிலும் இறக்காமல் வைக்கலாம். காவி மேலே இருக்க வேண்டும். பால்கனியில் செங்குத்தாகத் தொங்கவிட்டால், எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வர வேண்டும். உள்ளே பூ இதழ்களை வைத்துக் கட்டுவதற்குத் தடை இல்லை. கொடியின் மேல் குடியிருப்பின் பெயரையோ வாழ்த்தையோ எழுதக்கூடாது, அதே கம்பத்தில் வேறு கொடி கட்டக்கூடாது. ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக. காரில் கம்பம் வைத்துப் பறக்கவிடும் உரிமை குறிப்பிட்ட பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். 1971-ம் வருடத்துச் சட்டப்படி அவமதிப்புக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. வேண்டுமென்றே செய்யும் அவமதிப்புக்கான சட்டம் அது என்பதால் கை தவறி நடப்பதற்கெல்லாம் பயந்து நடுங்கத் தேவையில்லை.

கிழிந்ததையும் வெளுத்ததையும் பறக்கவிடக்கூடாது. அப்படி ஆனபின் துண்டு துண்டாக்காமல், கரித்துணியாக்காமல், முழுசாக, தனியிடத்தில் அழித்துவிடச் சொல்கிறது விதி. எரிப்பது விரும்பத்தக்கது, மரியாதைக்குக் குறைவில்லாத வேறு வழியும் உண்டு. கதர் சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் அப்படி எரியாது, உருகிக் கருப்பாகச் சொட்டும், புகையும் மூச்சை அடைக்கும். ஆகவே பாலியஸ்டர் கொடி வாங்கினால் மொட்டை மாடியில் நெருப்பு வைக்காமல், மடித்து ஒரு துணிப்பையில் போட்டு மண்ணில் புதைத்துவிடுங்கள்.